சுற்றிவர மணல் மட்டும்

பரமட்டாவில் ரயில் ஏறினேன். சத்தம் போடக்கூடாத பெட்டி அது. முன்சீட்டில் அறுபதை நெருங்கிய கணவனும் மனைவியும் ஒரே போனைப் பார்த்தபடி குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இஞ்சேருங்கோ, பக்கத்தில ஒருத்தரும் இல்லாத வில்லாவாப் பாருங்கோ. நான் உங்களோட சத்தமாச் சண்டை பிடிக்கோணும்.”

கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

“அதுக்கோ பாலைவன ரிசோர்ட்டுக்குப் போறம்?”

“பின்ன? எங்கட யூனிட்டில மேலயும் ஆக்கள், கீழயும் ஆக்கள். கலியாணம் கட்டின நாளில இருந்து உங்கட காதுக்குள்ளதானே ஏசுறன்.”

அவர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“இது நீச்சல் குளத்துக்குக் கிட்ட.”

“வேண்டாம், சனம் வரும்.”

“இதுதான் கடைசி வில்லா. சுத்திவர மணல் மட்டும்தான்.”

“ஓம், ஓம், அதைப் போடுங்கோ!”

அவர் புக் பண்ணிவிட்டு நிமிர்ந்தார்.

“சரி, என்னத்துக்கு ஏசப்போறீர்?”

அந்த அம்மா யோசித்தார். ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷன் வந்தும் யோசனை முடியவில்லை.

“இப்பக் கேட்டா ஒண்டும் ஞாபகம் வருகுதில்லையே.”

“கவலைப்படாதையும். போறதுக்கிடையில ஏதாவது பிழை விட்டு வைக்கிறன்.”

அந்த அம்மா வெடித்துச் சிரித்தார். பெட்டியே திரும்பிப் பார்த்தது.