இருபத்தாறு பேரும் முழுச் சுகம்

ஒஸ்லோவின் ஓரத்தில், ஸ்டோவ்னரிலோ ரொம்மனிலோ, எங்கள் ஆட்களின் ஒரு வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது வாசலில் கிடக்கும் சப்பாத்துகளை. வீட்டில் எத்தனை பேர், யார் வேலைக்குப் போகிறார்கள், யார் போவதாகச் சொல்லிக்கொண்டு கட்டிலில் கிடக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஆட்கள் வாயால் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பூமணி என்ற துப்புரவுத் தொழிலாளிக்கு, உங்கள் பென்ஷன் திட்டத்தில் சேருமுன்னரே தன் நோய் தெரிந்திருந்ததா, இல்லையா. ஒரு சொல்லில் பதில் எழுதலாம். ஆனால் ஒரு சொல்லில் எழுதுகிறவனை நான் என்றால் சந்தேகிப்பேன். ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்.

என் பெயர் இரவீந்திரன். வயது ஐம்பத்தெட்டு. அப்பா காங்கேசன்துறையில் சுண்ணாம்புக் கல் உடைத்தவர். நான் இந்த நாட்டின் வடக்கு முனையில் ஆறு வருடம் ஆலையில் மீன் வெட்டினேன். ஒஸ்லோவுக்கு வந்து பதினாறு வருடம் நிலம் துடைத்தேன். முதுகு மறுத்த பிறகு படித்து, எங்கள் ஆட்கள் நடத்தும் சிறிய கம்பனிகளுக்குக் கடதாசி வேலை செய்து கொடுக்கிறேன்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் சட்டம் மாறியது உங்களுக்குத் தெரியும். அதுவரை கொஞ்ச மணித்தியாலம் வேலை செய்கிறவர்களைப் பென்ஷன் சேமிப்பில் சேர்க்காமல் விடலாம். அதற்குப் பிறகு முதல் குரோனிலிருந்தே எல்லோரையும் தானாகச் சேர்க்கவேண்டும். முதலாளிகள் ஆயத்தமாவதற்கு அரை வருடம் அவகாசம் தந்தார்கள். எங்கள் முதலாளிகள் எல்லோரும் என்னிடம் வந்தார்கள்.

முதலில் வந்தவர் பத்மநாதன். அவருடைய கம்பனியில் இருபத்தாறு பேர் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறார்கள். சட்டம் கேட்கிற ஆகக் குறைந்த திட்டத்தை எடுத்துவிட்டு அவர் போயிருப்பார். நான்தான் விடவில்லை. உங்கள் நிறுவனத்தின் நல்ல திட்டத்தைக் காட்டினேன். தொழிலாளி இறந்தால் பிள்ளைக்கு இருபத்தொரு வயது வரை மாதாமாதம் பணம் வரும். இதை என் வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்காக அவரோடு மூன்று கிழமை வாதாடினேன்.

ஒரு நிபந்தனை இருந்தது. சேரும் திகதியில் தொழிலாளி முழுச் சுகமாக வேலை செய்துகொண்டிருக்கவேண்டும். சுகயீன லீவில் இருப்பவரைச் சேர்க்கமாட்டீர்கள். பத்மநாதன் தன் ஆட்களை நம்புகிறவர் இல்லை.

"இரவி, இருபத்தாறு பேரும் சுகமெண்டா எடுப்பம். ஒருத்தர் லீவிலை நிண்டாலும் எனக்கு உது வேண்டாம். பிறகு அவருக்குக் கிடக்கு, எனக்கேன் இல்லையெண்டு என்ரை வாசலிலை வந்து நிப்பினம். மலிஞ்ச திட்டமே காணும்."

ஒருவர் விழுந்தால் மற்ற இருபத்தைந்து பேருக்கும் இல்லை. நான் வீடு வீடாகப் போனேன். தேத்தண்ணி குடித்தபடி குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருக்கும் மருந்துப் பெட்டிகளை வாசித்தேன். ஒருவர் கதிரையிலிருந்து எழும்ப மேசையைப் பிடித்தார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டேன். எங்கள் ஆட்கள் நோவை வேலையால் அழுத்திப் பழகியவர்கள். விழுந்த பிறகுதான் வைத்தியரிடம் போவார்கள். அந்தப் பழக்கம் அந்த மாதம் எனக்கு உதவியது.

பூமணியின் வீட்டுக்கு நான் போனது ஜனவரி எட்டாம் திகதி, சனிக்கிழமை. ரொம்மனில், வங்கிக் கடனில் வாங்கிய இரண்டு அறை வீடு. புருஷன் பிரிந்து லண்டனில் வேறு குடும்பம். மகள் யதுர்ஷாவுக்கு அப்போது பதினாறு வயது, அறைக்குள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். பூமணி அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

இடது கமக்கட்டுக்குக் கீழே ஒரு கட்டி என்றார். புளியங்கொட்டையளவு. மார்கழியில் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாம். திங்கட்கிழமை வைத்தியரிடம் போகப் போகிறாராம், அது படிவத்தில் ஏதும் பிரச்சினையாகுமா என்று கேட்டார்.

முதலில் நான் அவரைத்தான் சந்தேகித்தேன். இப்படி ஒரு திட்டம் வருகிறது என்றதும் சிலருக்குப் புதிதாக நோய் வரும். பிறகு கவனித்தேன். தேத்தண்ணிக் கேத்தலை வலது கையால் தூக்கினார், இடது கை உடம்போடு ஒட்டியபடியே இருந்தது. நம்பினேன்.

"திங்கள் போகாதையும்," என்றேன். "மார்ச் முதலாந் திகதி சேருறீர். ரெண்டாந் திகதி போம்."

"அதுக்குள்ளை வளராதோ அண்ணை?"

"உது கொழுப்புக் கட்டி. மீன் ஆலையிலை எத்தினை பேருக்குக் கண்டனான்."

நான் வைத்தியன் இல்லை. வைத்தியன் என்று சொல்லவும் இல்லை.

இன்னொரு விதியும் இருந்தது, பத்தொன்பதாம் பக்கத்தில். சேருமுன்னரே தெரிந்திருந்த நோயால் இரண்டு வருடத்துக்குள் ஒருவர் இறந்தால் பிள்ளைக்கு ஒன்றும் வராது. அதையும் அவருக்குச் சொன்னேன். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு வழி இருந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது என்பது மூன்றாம் ஆளுக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

"உமக்கும் எனக்கும் மட்டும்," என்றேன். "நான் இருக்கிறன்தானே."

அவர் சிரித்தார். "நல்ல காலம், நீங்கள் கதை காவுற ஆளில்லை," என்று இன்னொரு கரண்டி சீனியை என் கோப்பையில் போட்டார்.

பெப்ரவரியில் திகதி மே மாதத்துக்குப் போனது. உங்கள் நிறுவனம் பிந்துகிறது என்று அவருக்குச் சொன்னேன். நீங்கள் பிந்தவில்லை. நான்தான் தள்ளினேன். பத்மநாதனைப் பார்த்து இன்னும் ஐந்து கம்பனிகள் வருவதாக இருந்தன. ஆறையும் ஒரே நாளில் உங்களிடம் கொண்டுவந்தால் ஒரு மதிப்பு இருக்கும் என்று நினைத்தேன். ஏப்ரலில் ஒருவர் இழுத்தடித்தார். திகதியை ஜூலை முதலாம் நாளுக்கு மாற்றினேன். அப்போதும் நீங்கள்தான் பிந்துகிறீர்கள் என்று சொன்னேன்.

பூமணி கோபிக்கவில்லை. தொலைபேசியில் எப்போதும் மெல்லத்தான் கதைப்பார். "அண்ணை, இப்ப ரெண்டு கிடக்கு," என்றார்.

"ஓம், இன்னும் ரெண்டு மாதம்தான்," என்றேன். அவர் கட்டியைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. மாதத்தைச் சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

ஜூலை முதலாம் திகதி பட்டியலைத் தந்தேன். பத்மநாதனின் இருபத்தாறு பேரும் முழுச் சுகம். மற்ற ஐந்து கம்பனிகளிலும் அப்படியே. உங்கள் அலுவலகத்தில் மர்சிப்பான் கேக் வெட்டினீர்கள். அதில் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தீர்கள். அதை இப்போதும் நன்றியோடு சொல்கிறேன். மறு திங்கள் பூமணி வைத்தியரிடம் போனார். அந்தக் கிழமையே ஆஸ்பத்திரியில் மறித்துப் படுக்கவைத்துவிட்டார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் இழுத்து, போன பெப்ரவரியில் இறந்தார். இரண்டு வருடம் ஆக ஐந்து மாதம் இருந்தது.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நானும் மண்டபத்துக்குப் போனேன். போகாவிட்டால் கதை வரும். பந்தியில் ஒரு பக்கம் பத்மநாதன், மறுபக்கம் மற்ற முதலாளிகள். யதுர்ஷா சோற்றுத் தட்டத்தோடு வந்தாள். எல்லோருக்கும் போட்டாள். என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நீங்கள் எழும்புங்கோ."

சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் துக்கத்தில் பிள்ளை கத்துகிறது என்று விட்டிருப்பார்கள். பத்மநாதன் தன் காகிதத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்பினேன். அடுத்த கிழமை இரண்டு கம்பனிகள் தங்கள் கோப்புகளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போயின. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். வைத்தியரின் முதல் குறிப்பில் "கட்டி சில காலமாக இருப்பதாக நோயாளி சொல்கிறார்" என்று ஒரு வரி இருந்ததால், நீங்கள் அவளுடைய பணத்தை நிறுத்தி வைத்திருந்தீர்கள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. பள்ளிக்கூடப் பையிலிருந்து தமிழ்க் கடைக் கலண்டர் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். மார்ச் இரண்டு, மே இரண்டு, ஜூலை நான்கு. மூன்றிலும் வட்டம் போட்டு, 'இரவி அண்ணை சொன்ன நாள், டொக்டர்' என்று பூமணி எழுதியிருந்தார். முதல் இரண்டும் வெட்டப்பட்டிருந்தன.

"ஜனவரியிலை வந்திருந்தா வேறை கதை எண்டு ஆஸ்பத்திரியிலை சொன்னவை," என்றாள். "அதை நான் இனி ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். உந்த ஃபொர்சிக்ரிங், இன்சூரன்ஸ் ஆக்கள் உங்களுக்கும் எழுதுவினமாம். அம்மாக்கு முந்தித் தெரியாது எண்டு மட்டும் எழுதுங்கோ மாமா. அண்டைக்கு உங்களை எழுப்பினது பிழையெண்டா மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

'பிழையெண்டா' என்கிறாள். மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் ஒரு 'எண்டா'.

அந்தப் பணம் இல்லாவிட்டால் வீட்டுக் கடன் கட்டமுடியாது, படிப்பு முடியுமுன் வீட்டை விட்டுப் போகவேண்டிவரும் என்றாள். எனக்குத் தெரியும், அந்தக் கடன் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவனும் நான்தான். இந்தக் கலண்டரை வேறு யார் பார்த்தது என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றாள், வீட்டில் தாயின் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறாளாம். சரி பிள்ளை, ஓம், அப்படியே எழுதுகிறேன் என்றேன். அவள் கலண்டரை மடித்துப் பைக்குள் வைத்தாள். நம்பினாளோ தெரியாது. நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

பிறகு ஒரு சட்டத்தரணியைக் கேட்டேன். குசினி மேசையில் தேத்தண்ணி குடித்தபடி சொன்ன ஆலோசனை குற்றமாகாது என்றார். நான் கையெழுத்திட்ட பட்டியலிலும் 'தொழிலாளி கூறியபடி' என்று ஒரு வரி இருக்கிறது. ஆகவே இதை எழுதுவதால் எனக்கு ஒன்றும் ஆகாது. அவளுக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: தெரியும். சேருவதற்கு ஆறு மாதத்துக்கு முன்னரே பூமணிக்குத் தெரியும், எனக்கும் தெரியும், காத்திருக்கச் சொன்னது நான். கலண்டர் எங்கே இருக்கிறது என்று மேலே எழுதிவிட்டேன். பிள்ளை அதை எறியுமுன் கேட்டு வாங்குவது நல்லது.

பந்தியிலிருந்து எழுப்பியதற்காக இவன் இப்படி எழுதினான் என்று ஊர் கதைக்கும். அது சரியில்லை. தாயிடம் கொடுத்த வாக்கும் மகளிடம் சொன்ன ஓமும் எனக்கு நினைவில்தான் இருக்கின்றன. ஆனால் என்ன செய்ய, பொய் சொல்ல எனக்கு மனம் வராது.