பதினோரு ஜோடி விலா எலும்பு

வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கல்லூரி ஆசிரியைகள் இருவர். இளையவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார்.

"என் தப்பையும் சேத்துதான் எடுத்துக்கினாரு அக்கா."

"யாரு, உன் பிஎச்டி கைடா?"

"ஆமா. நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல, மனுஷ உடம்ப அறுத்துப் பாத்து படம் போட்டவங்க, ஒருத்தர பாத்து ஒருத்தர் எப்படி காப்பி அடிச்சாங்கன்னு ஆறு வருஷமா எழுதினேன். அத அவரு பேர்ல புக்கா போட்டுட்டாரு."

"காப்பி அடிக்கிறத பத்தி எழுதினதையேவா?"

"ஒரு படத்துல விலா எலும்பு பன்னெண்டு ஜோடி. நான் அவசரத்துல பதினொண்ணுன்னு எழுதிட்டேன். புக்லயும் பதினொண்ணுதான்."

"அப்ப சாட்சி இருக்கே! கம்ப்ளைண்ட் குடு."

"எனக்கு இன்னும் பட்டம் வரல அக்கா. அவருதான் கையெழுத்து போடணும்."

"கோவம் வரலயா உனக்கு?"

"வந்துச்சு. இப்பல்லாம் தூக்கந்தான் வருது."

கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் பாதி பஸ் காலியானது.

"அவருகிட்ட ஒண்ணுமே கேக்கலயா?"

"அந்தத் தப்ப மட்டும் சொன்னேன். 'ரொம்ப தேங்க்ஸ்மா, அடுத்த பதிப்புல திருத்திக்கிறேன்'னாரு."