பட்டியலில் இல்லாதவன்

— அதாவது டாக்டர் நுவாலா, உங்க காத்திருப்புப் பட்டியல்ல ஒரே வருஷத்துல அறுபது பேர் குறைஞ்சிருக்காங்க. கூட்டம் குறையுற இடத்துக்கு எதுக்கு ரெண்டு பயிற்சி டாக்டர்னு டப்ளின்ல எங்க சுகாதாரத் துறையில கேப்பாங்க.

— கேளுங்க ஃபின்டன், அந்த அறுபது பேர்ல ஒருத்தரைக்கூட நான் பார்க்கலை.

— பின்னே எப்படிக் குறைஞ்சது?

— அவங்களுக்குப் பதினெட்டு வயசு ஆயிடுச்சு. நான் சின்னப் பிள்ளைங்களுக்கு மனநல டாக்டர். பிறந்தநாள் அன்னிக்குக் காலையில கம்ப்யூட்டரே பேரைத் தூக்கிடும். பக்கத்துல 'முடிந்தது'ன்னு விழும். கேக் வெட்டுறதுக்கு முன்னாடியே எல்லாரும் குணமாயிடறாங்க.

— பெரியவங்க பிரிவுக்கு அனுப்ப முடியாது, இல்லையா? பார்க்காத பிள்ளைக்கு ஃபைல் கிடையாதே.

— அட, டப்ளின்லேருந்து வர்றவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா? டீ குடிங்க, ஆறிப்போகுது. சோடா ரொட்டி நேத்து சுட்டது, பல்லு ஜாக்கிரதை.

— இந்தக் கடற்கரை முழுசுக்கும் நீங்க ஒருத்தர்தானா?

— இருபத்தாறு வருஷமா. இன்னும் மூணு வருஷத்துல ஓய்வு. இன்னிக்கு நீங்க கையெழுத்துப் போட்டா ரெண்டு பேரோட பயிற்சிக்கு அரசாங்கம் பணம் குடுக்கும். மூணு வருஷமும் கூடவே வெச்சுக்கிட்டுக் கத்துக்குடுப்பேன். இல்லைன்னா நான் போற அன்னிக்கு இந்தக் கதவுக்குப் பூட்டுதான்.

— படிவத்துல இல்லாத கேள்வி ஒண்ணு கேக்கலாமா?

— கேளுங்க.

— ஒரு பையன் வர்றான்னு வெச்சுக்குவோம். பதினொரு வயசு. மீன் பிடிக்கப் போன அப்பா திரும்பலை. அன்னியிலேருந்து, அதாவது, திரைச்சீலைக்குப் பின்னாடி இன்னொரு பையன் நிக்கிறான்னு சொல்றான். அவன் வயசுதான். சட்டை எப்பவும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்குமாம். பயிற்சிக்கு வர்றவருக்கு முதல்ல என்ன கத்துக்குடுப்பீங்க?

— 'அங்க யாரும் இல்லை'ன்னு சொல்லாம இருக்க.

— எல்லாரும் அதைத்தானே சொல்வாங்க.

— அதனாலதான் பிள்ளைங்க வாயை மூடிக்கிறாங்க. நான் திரைக்குப் பின்னாடி நிக்கிறவன்கிட்டயே பேசுவேன். அவன் எதுக்கு வந்தான்னு அவனுக்குத்தானே தெரியும். சரி சரி, மணி நாலே முக்கால். அஞ்சுக்குள்ள படிவத்தை டப்ளினுக்கு ஃபேக்ஸ்ல அனுப்பணும். மூணு தடவை பேனாவை எடுத்தீங்க, மூணு தடவையும் கீழே வெச்சுட்டீங்க. என்ன தயக்கம்?

— நான் எங்க வெச்சேன்? அவன்தான் பிடுங்கிக்கிறான்.

— யாரு?

— உங்க பட்டியல்ல நானும் இருந்தேன் டாக்டர். பதினொரு வயசுல அம்மா பேர் குடுத்தாங்க. 'இன்னும் காத்திருக்கீங்களா, ஆமான்னா கையெழுத்துப் போட்டு அனுப்புங்க'ன்னு வருஷா வருஷம் கடுதாசி வரும். அம்மா கையெழுத்துப் போட்டுத் தபால்ல சேர்த்துட்டு, என் நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வெப்பாங்க. ஏழு கடுதாசி. சட்டைதான் சின்னதாயிட்டே போச்சு.

— எந்த வீடு?

— கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, கடைசி வீடு.

— உங்க பேரு எனக்கு ஞாபகம் வரலை ஃபின்டன். ஞாபகம் இருந்திருக்கணும்.

— அதை விடுங்க. புதுசா ரெண்டு டாக்டர் வந்தா தன்னைத் துரத்திடுவாங்கன்னு அந்த நனைஞ்ச சட்டைக்காரனுக்குப் பயம். நான் கையெழுத்துப் போடத்தான் பார்க்கிறேன். பேனாவை விட மாட்டேங்கிறான்.

— இப்போ இங்க இருக்கானா?

— உங்க நாற்காலிக்குப் பக்கத்துல. கம்பளத்துல சொட்டுது பாருங்க.

— ஈரமாத்தான் இருக்கு. இன்னிக்கு மழைகூட இல்லையே.

— பார்த்தீங்களா? அம்மாகூட ஒரு நாளும் இதை ஒத்துக்கிட்டதில்லை.

— அவனுக்கு இப்போ என்ன வயசு?

— பதினொண்ணுதான். நான் மட்டும்தான் வளர்ந்தேன்.

— அப்போ அவன் இன்னும் என்கிட்ட வர வேண்டிய வயசுதான். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. கண்ணா, உன்கிட்டதான் பேசறேன். உன்னை யாரும் எங்கயும் அனுப்பப் போறதில்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாங்க யாரும் கூப்பிடாத அத்தனை வருஷமும் இவரைத் தனியா விடாமப் பார்த்துக்கிட்டது நீதானா?

— டாக்டர்.

— இருங்க, அவன் சொல்லட்டும்.

— தலையாட்டறான். பேனாவையும் விட்டுட்டான்.

— தெரியும் ஃபின்டன். என் கையிலதான் குடுத்தான். இந்தாங்க, ஈரத்தைத் துடைச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.