படத்தில் இல்லாத இட்லி வண்டி

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் ஷேர் ஆட்டோ. என் தொப்பைக்கும் கம்பிக்கும் நடுவில் நசுங்கியபடி, இட்லி விற்கும் அம்மாள் ஒருவர் பக்கத்திலிருந்த பூக்காரப் பெண்ணிடம் குமுறிக்கொண்டு வந்தார்.

“அந்தப் படத்துல நாய்க்கு எடம் கீதுடி, எனக்கு இல்ல.”

“எந்தப் படம்க்கா?”

“நம்ம கடைத்தெருவ கார்ப்பரேசன்ல அழகு பண்ணப் போறாங்களாம், மீட்டிங்கு கூட போட்டாங்க. எப்டி இருக்கும்னு பெருசா படம் போட்டு மாட்டி வெச்சிக்கிறாங்க. மரம் கீது, பெஞ்சு கீது, வெள்ளக்காரி ஒருத்தி நாய இட்டுகினு போறா. என் தள்ளுவண்டி நிக்கிற எடத்துல பூந்தொட்டி.”

“மீட்டிங்ல கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டேனே! பன்னெண்டு வருசமா அங்கதான் யாவாரம், இனிமே நான் எங்க நிக்கிறதுன்னேன். ‘படத்த மாத்திடறோம்மா’ன்னாரு ஆபீசரு.”

“மாத்துனாங்களா?”

“மாத்திட்டாங்க. இப்ப நாய் ரெண்டு கீது.”