பதினோராம் கட்டிலுக்குக் கீழே

இரவு பத்து மணி. மலாவியில் ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரி. ஜெனரேட்டரை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். விடுதியிலிருந்து நோயாளர் வாட்டுக்குப் போகும் செம்மண் பாதையில் அஞ்சலீனா மட்டும் டோர்ச்சோடு நடந்துகொண்டிருந்தாள்...

இங்கே மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில் என்னோடு ஒரே மாடியில் இருக்கும் கௌரியின் ஒன்றுவிட்ட தங்கைதான் இந்த அஞ்சலீனா. 2006இல், மொன்றியலில் தாதிப் படிப்பின் கடைசி வருடத்தில், ஆறு கிழமைப் பயிற்சிக்காக மலாவிக்குப் போனவள். பகல் முழுக்க வேலை செய்தவளை இரவுக்கும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்தக் களைப்பு நமக்குத் தெரியாததா? நாமும் இந்த முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிஃப்ட் அடித்துவிட்டுத்தானே இந்த ஆறிப்போன தேத்தண்ணியோடு குந்தியிருக்கிறோம்.

அங்கே வாட்டில் அறுபது கட்டிலுக்கு ஒரே ஒரு தாதி. அவர் பதினோராம் கட்டிலைக் காட்டினார். இரண்டு வயதுப் பெண் குழந்தை, வயிற்றோட்டத்தில் வற்றிப்போய்க் கிடந்தது. உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர்... ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி, விடியும்வரை. நிறுத்தினால் பிள்ளை தப்பாது.

இரண்டு மணிவரை பருக்கினாள். கண் சொருகியது... அப்போது கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு கை நீண்டது.

அவள் பயப்படவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழும் நோயாளியின் சொந்தக்காரர் ஒருவர் பாய் விரித்துப் படுத்திருப்பார். கழுவுவது, ஊட்டுவது எல்லாம் அவர்தான். தாய் எழும்பிவிட்டாள் என்று நினைத்துக் கோப்பையைக் கொடுத்தாள். விறகுப் புகை மணத்தது. கரண்டி கோப்பையில் தட்டும் சத்தம்... டிங்... டிங்... அதைக் கேட்டபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

விடிந்தபோது குழந்தையின் நாக்கு ஈரமாக இருந்தது. தாய் நன்றாகப் பார்த்துக்கொண்டாள் என்று அஞ்சலீனா தாதியிடம் சொன்னாள்.

தாதி கொட்டாவி விட்டார். “தாய் போன கிழமை இதே கட்டிலில் செத்துப்போனாள். ஆளில்லாத பிள்ளை என்றுதான் உன்னை இருத்தினேன்.”

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்க அவருக்கும் தெம்பில்லை.

“கனவு கண்டிருப்பாள்,” என்றார், தேத்தண்ணியோடு கதை கேட்டுக்கொண்டிருந்த சவிரிமுத்து அண்ணை.

“அப்ப பிள்ளைக்கு ஆர் அண்ணை பருக்கினது?”

என்று கேட்டுவிட்டு நான் தொடர்ந்தேன்.

மூன்றாம் நாள் பெரியம்மா ஒருத்தி வந்து குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு போனாள். அந்தக் கட்டிலுக்கு ஆறு வயதுப் பையன் ஒருவன் வந்தான். காலையில் ஆபரேஷன். இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரும் கூடாது. வயிற்றில் ஏதும் இருந்தால் மயக்கத்தில் மேலேறி மூச்சையே அடைத்துவிடும். அவனுடைய தகப்பன் பஸ்ஸைத் தவறவிட்டு இன்னும் வந்து சேரவில்லை. அஞ்சலீனாதான் காவல்.

அன்றும் கண் சொருகியது... டிங்... டிங்... கனவென்று நினைத்தாள். எழும்பவில்லை.

விடிய எழும்பிப் பார்த்தால், பையனின் உதட்டோரம் ஈரம். விரலால் தொட்டாள். சீனித் தண்ணீர் பிசுபிசுத்தது.

தள்ளுவண்டி வந்துவிட்டது. பின்னால் டாக்டரும், மொன்றியலிலிருந்து கூட வந்திருந்த ஆசிரியையும். செத்தவள் பருக்கினாள் என்றால் சிரித்துவிட்டு ஆபரேஷனைத் தொடங்கிவிடுவார்கள். பேசாமல் இருந்தால் பையன் போய்விடுவான்.

“இவன் தண்ணீர் குடித்திருக்கிறான், டாக்டர்.”

“யார் கொடுத்தது?”

“நான்தான்.”

ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். பையன் தப்பினான். அவளைப் பயிற்சியில் பெயிலாக்கி அந்தக் கிழமையே திருப்பி அனுப்பினார்கள். ஒரு வருடப் படிப்பு வீண். நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஆனால் அவள் அழவில்லையாம். கௌரியிடம் இதை மட்டும் சொன்னாளாம்:

“நான்தான் எண்டு சொல்லேக்கை, அக்கா... கட்டிலுக்குக் கீழை இருந்து என்ரை காலிலை ஒரு கை பட்டது. குளிர்ந்த கை. பிள்ளையை நித்திரையாக்கிற மாதிரி... மெல்ல மெல்லத் தட்டிச்சுது.”