அடுப்புச் சூடு

வில்மார் எனக்குத் தரவேண்டியிருந்தது முப்பத்தெட்டாயிரத்து நானூறு பேசோ. தேஹோ ஆட்டத்தில் தோற்றவர்தான் எல்லாருக்கும் பீர் வாங்க வேண்டும். தோற்றது அவன், காசு கொடுத்தது நான். "சனிக்கிழமை தரேன் மச்சான்" என்றான். எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை.

ஆலையில் நடந்ததை நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன், ஐயா. நாற்பத்தேழு வயதில் எழுத்துப் படித்தவன். பிழை இருந்தால் பொறுக்கவும்.

வேலெஸ் ஊரின் கொய்யா அல்வா ஆலையில் வில்மார் அடுப்புக்காரன், நான் பழக்கூடை சுமப்பவன். சூடு, இனிப்பு, புளிப்பு, ஈரம் நான்கையும் சேர்த்துப் பார்க்கும் கணினி ஒன்றை இன்ஜினியர் யானெத் அம்மா கொண்டுவந்தார். நான்கும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். குற்றம் எதில் என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது.

"எலியேசர், விளக்கு எரியறப்பெல்லாம் காரணத்த நோட்டுல எழுதிவை. அதப் பாத்து இது கத்துக்கும்" என்று என்னிடம் சொன்னார்.

"வாத்தியாரே, பாத்து! பாடம் நடத்தி அதையும் கூடை தூக்க வச்சிராத" என்றான் வில்மார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று விளக்கு எரிந்தபோது 'அடுப்புச் சூடு' என்று எழுதினேன். அடுத்த முறையும். எப்போதும் அல்ல, நடுநடுவே 'ஈரம்' என்றும் எழுதினேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

ஆறு மாதத்தில் கணினி தானாகவே சொல்லத் தொடங்கியது: அடுப்புச் சூடு. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி என்று யானெத் அம்மா பூரித்துப்போனார். எதோடு ஒப்பிட்டார் என்கிறீர்களா? என் நோட்டோடுதான்.

வில்மார் அடுப்பைக் கூட்டினான், குறைத்தான், மாதா படம் மாட்டினான். அப்போதும் சிவப்பு விளக்கு எரிந்தது. "பதினெட்டு வருசமா நான் நின்ன அடுப்பு. என் கை நெருப்பையே மறந்துருச்சு போல மச்சான்" என்றான். ஜூன் மாதம் வேலை போனது.

ஒன்றை மறைக்கக் கூடாது. உண்மைக் காரணம் புளிப்பு. பழுக்காத காயைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. குனிந்தால் முதுகு வலிக்கும்; கூடையை அப்படியே கவிழ்த்துவிடுவேன். புளிப்பு ஏறினால் அடுப்பைக் குறை சொல்ல வேண்டும் என்று கணினி என்னிடம்தான் படித்தது. நல்ல மாணவன். புதிய அடுப்புக்காரனையும் திங்கட்கிழமை வேலையைவிட்டு அனுப்பப்போகிறார்களாம்.

கடைசிச் சம்பளம் வாங்கிய கையோடு வில்மார் என்னிடம் வந்தான். "இந்தா மச்சான், சனிக்கிழமை வந்துருச்சு" என்று இரண்டு இருபதாயிரம் நோட்டை நீட்டினான். மீதி ஆயிரத்து அறுநூறை எண்ணி அவன் கையில் வைத்தேன். அடுத்தவனுடையது ஒரு காசுகூட என்னிடம் தங்காது, ஐயா.