காரியக்காரனுக்காக ஒரு ஜெபம்

ஒரத்தநாடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் மடியில் பைபிள் இருந்தது. பஸ் சாராயக் கடையைத் தாண்டியதும் அக்கா கேட்டாள்.

“அப்பாவைக் கொன்னவனுக்காக ஜெபம் பண்றியாமே?”

“ஆமாக்கா. போதகர் தினமும் பண்ணச் சொன்னாரு.”

“கூலி நெல்லு ஒரு மரக்கால் கூடக் கேட்டதுக்குக் களத்துலயே அடிச்சுக் கொன்னான். பண்ணையாரோட நெலத்தைப் பாத்துக்கிட்ட அந்தக் காரியக்காரனுக்கா?”

“அவனுக்குத்தான். ஏழு வருஷமா அவனை நெனச்சு நெனச்சுத்தான் குடிச்சேன். குடிச்சும் அவன் மனசை விட்டுப் போகல.”

“இப்ப மன்னிச்சிட்டியா?”

“இல்லக்கா. அவன் பேரைச் சொன்னாலே ஜெபம் பாதியில நின்னுடுது. ‘ஆண்டவரே, என்னால முடியல’ன்னு அழுவேன். சபையில குடியை விட்டவங்க நாலஞ்சு பேரு பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க. அழுது முடிச்சா அன்னைக்குக் குடிக்கத் தோணாது. குடியை விட்டு அஞ்சு மாசமாச்சு.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது.

“எனக்கு ஜெபமெல்லாம் வராதுடா. அவன் நாசமாப் போகணும்னுதான் வாயில வரும்.”

“அதையும் அங்க சொல்லலாம்க்கா.”

“அப்ப ஞாயித்துக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போ.”